கேமரன் மலைக்கு வழி கேட்பவர்கள்



தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பாதை நம்மில் பலருக்கும் பழக்கமானதே. ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தூரம் வளைவுக்கு மேல் வளைவு. பிள்ளைகளுக்கு மயக்கம் வராமலிருக்க எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்து, பேருந்தின் சன்னலோரத்தில் உட்கார வைத்துக் கொண்டு போன தாய்மார்கள் இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு இருக்கக்கூடும். அந்த நாளில் மலைக்குப் போகிறவர் தாப்பா பேருந்து நிலையத்தில் வழி கேட்பார். தங்க இடம் வேண்டுமென்றால் தானா ராத்தா கடைத்தெருவில் இறங்கி நாலு பேரை விசாரிப்பார். விடை சொன்னவர் பெரும்பாலும் அந்த ஊர்க்காரராகவே இருப்பார். "மேலே போங்க, நம்ம அத்தை மகன் டாக்சி வைத்திருக்கிறான், ஏற்றிவிடச் சொல்கிறேன்" என்பார். வந்தவருக்கு வழி கிடைத்தது. அத்தை மகனுக்கு வாடகை கிடைத்தது.

இன்று சிங்கப்பூரில் ஒரு குடும்பம் பள்ளி விடுமுறைக்கு மலைக்குப் போக நினைத்தால், வீட்டு நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே கைப்பேசியைக் கேட்கிறது. எங்கே தங்குவது, எங்கே சாப்பிடுவது, எந்தத் தேயிலைத் தோட்டத்தைப் பார்ப்பது, எந்த வழியாக ஏறுவது என்ற நான்கும் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே முடிவாகிவிடுகின்றன. வழி சொல்லுகிற ஆள் மாறிவிட்டார். அவர் யாரைச் சுட்டிக் காட்டுகிறார், யாரைக் காட்டாமல் விடுகிறார், ஏன் விடுகிறார் என்பதைப் பற்றியே இன்று பேசப் போகிறோம்.

இது நமக்கு ஏன் என்று கேட்கலாம். கேமரன் மலையின் கதையில் நம்மவர் பங்கு சிறிதன்று. 1885-ஆம் ஆண்டு நில அளவையாளர் வில்லியம் கேமரன் கண்டு எழுதிய மேட்டு நிலம் அது. அவர் பெயரே அதற்கு நிலைத்தது. 1929-இல் ரஸ்ஸல் என்பவர் அங்கே தேயிலைத் தோட்டம் தொடங்கினார். கூலியாட்கள், சில கோவேறு கழுதைகள், ஒரே ஒரு சாலை உருளை எந்திரம், இவற்றை வைத்துக் காட்டை வெட்டியதாகத் தோட்டத்தாரே இன்றும் சொல்லிக் கொள்கிறார்கள். அதுதான் 'போ' தேயிலை. தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அந்தச் சரிவுகளில் கொழுந்து கிள்ளின. இன்று அங்கே வேலை செய்வோரில் வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்களே அதிகம். கிள்ளியவர்களின் பிள்ளைகள் பலர் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு டாக்சி ஓட்டுகிறார்கள், தோசைக்கடை வைத்திருக்கிறார்கள், விடுதியில் வேலை பார்க்கிறார்கள், காட்டு வழிக்கு ஆள் கூட்டிப் போகிறார்கள். கொழுந்தின் விலை ஏறியதா என்று பார்த்த காலம் போய், வார இறுதியில் ஆள் வருகிறதா என்று பார்க்கும் காலம் அவர்களுக்கு வந்துவிட்டது. ஆகவே இந்தப் புதிய வழிகாட்டியின் குணம் தெரிந்திருப்பது அவர்களுக்குச் சோற்றுக் காரியம்.

முதலில் இந்தத் தேடுபொறி வேலை செய்யும் விதம். கைப்பேசியில் 'கேமரன் மலை விடுதி' என்று எழுதியதும், அது அந்த நொடியில் உலகமெல்லாம் ஓடிப் பார்த்து விடையைக் கொண்டு வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியன்று. காலைப் பெரட்டு முடிந்த பிறகு கிராணியாரிடம் போய், இன்றைக்கு எத்தனை பேர் வேலைக்கு வந்தார்கள் என்று கேட்டால், அவர் மலையேறிப் போய்த் தலைகளை எண்ணிக்கொண்டு வருவாரா? மேசை மேல் இருக்கும் செக்ரோல் புத்தகத்தைப் புரட்டிச் சொல்லுவார். தேடுபொறியும் அப்படித்தான். அதனுடைய ஏவலாட்கள் போன்ற கணினி நிரல்கள் இரவும் பகலும் இணையப் பக்கங்களைப் படித்துக்கொண்டே இருக்கின்றன. ஒரு பக்கத்தில் இன்னொரு பக்கத்துக்கு வழி காட்டும் சுட்டி இருந்தால், அதைப் பிடித்துக்கொண்டு அங்கே போகின்றன. போன இடத்தில் கண்ட சொற்களையெல்லாம் ஒரு பெரிய ஏட்டில் பதிகின்றன. கனமான புத்தகங்களின் கடைசியில் சொல்லடைவு என்று ஒன்று இருக்குமல்லவா, அதைப் போன்றது அந்த ஏடு. 'ரிங்லெட்' என்ற சொல்லுக்கு எதிரே அச்சொல் வரும் பக்கங்களின் வரிசை. 'தோசை' என்ற சொல்லுக்கு எதிரே இன்னொரு வரிசை. ஒருவர் இரண்டையும் சேர்த்துக் கேட்டால் இரண்டு வரிசையிலும் இருப்பவற்றை மட்டும் பொறுக்கி எடுத்துக் கொடுக்கிறது. செக்ரோலில் பெயர் இல்லாதவன் வேலைக்கு வந்திருந்தாலும் கூலி வாங்க முடியாது. இந்த ஏட்டில் பதிவில்லாத கடையும் அதே நிலைதான்.

இந்த வித்தை ஒரே நாளில் வந்ததன்று. 1990-ஆம் ஆண்டு கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் 'ஆர்ச்சி' என்ற சிறு தேடும் கருவி பிறந்தது. 1994-இல் 'யாகூ' வந்தது. அது மனிதர்களே உட்கார்ந்து வகைப்படுத்திய அட்டவணை. பக்கங்கள் பெருகப் பெருக, சொல் இருக்கிறதா என்று பார்ப்பது மட்டும் போதாது, எந்தப் பக்கத்தை முதலில் காட்டுவது என்பதே பெருங் கேள்வியாயிற்று. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லாரி பேஜ், செர்கே பிரின் என்ற இரு இளைஞர்கள் அதற்கு ஒரு வழி கண்டு, 1998-இல் 'கூகிள்' நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அந்த வழி நம் ஊர் வழக்கம்தான். ஒரு வைத்தியரைப் பத்துப் பேர் நல்லவர் என்று சொன்னால் அவரிடம் போகிறோம். அந்தப் பத்துப் பேரில் பள்ளித் தலைமையாசிரியரும் ஒருவர் என்றால் அவருடைய சொல்லுக்குக் கூடுதல் எடை கொடுக்கிறோம். பல பக்கங்கள் எந்தப் பக்கத்தைச் சுட்டுகின்றனவோ, அதிலும் மதிப்புள்ள பக்கங்கள் எதைச் சுட்டுகின்றனவோ, அது மேலே வரும். இன்று வரிசைப்படுத்தும் கணக்கில் இன்னும் எத்தனையோ சேர்ந்துவிட்டன என்றாலும் அடிப்படை இதுவே.

2005-இல் இதோடு வரைபடமும் சேர்ந்தது. பயணிக்கு இதுதான் பெரிய மாற்றம். கைப்பேசி தான் நிற்கும் இடத்தை அறியும். "பக்கத்தில் சாப்பாட்டுக் கடை" என்று கேட்டால், கேட்டதற்குப் பொருத்தமா, எவ்வளவு தூரம், எவ்வளவு பேர் அறிந்த இடம் என்ற மூன்றையும் எடை போட்டுக் காட்டுகிறது. கடை எவ்வளவு ருசியாகச் சமைக்கிறது என்பதை அதனால் அறிய முடியாது. சாப்பிட்டவர் எழுதினால்தான் அதற்குத் தெரியும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். ரிங்லெட்டுக்குப் பக்கத்தில் ஓர் அம்மையார் சாலையோரத்தில் தோசையும் வடையும் விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பதினெட்டு வயது மகள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே சொல்கிறாள்:

"அம்மா, நம்ம கடை மேப்புலயே இல்லம்மா."

"இல்லன்னா? நாம எங்கடி போயிட்டோம்? இங்கதானே இருக்கோம்."

இரண்டு பேர் சொல்வதும் உண்மை. கடை இருக்கிறது. ஆனால் மலையேறி வரும் காரில் பின்னிருக்கையில் உட்கார்ந்து தேடுகிற பெண்ணுக்கு அது இல்லை. கார் கடையைத் தாண்டிப் போகிறது. மேலே போய், கூட்டத்தில் அரை மணி நேரம் காத்திருந்து, இதே தோசையை இரட்டிப்பு விலைக்குச் சாப்பிடுகிறார்கள்.

கடையை வரைபடத்தில் சேர்க்கக் காசு வேண்டியதில்லை. கூகிளில் கடைக்காரருக்கென்று ஒரு விவரப் பக்கம் உண்டு. பெயர், என்ன வகைக் கடை, திறக்கும் நேரம், தொலைபேசி எண், சில படங்கள் ஆகியவற்றைக் கொடுத்து, இந்தக் கடை நம்முடையதுதான் என்று உறுதி செய்ய வேண்டும். முன்பு இதற்கு ஓர் அஞ்சலட்டையில் எண்ணை அனுப்பி வைப்பார்கள். தோட்டப்புறத்தில் அது எத்தனை தொல்லை என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. லயத்துக்குத் தெருப் பெயர் ஏது? கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்கு வரும். அங்கிருந்து நம் கைக்கு வரும்போது அதன் தவணை முடிந்திருக்கும். இப்போது பெரும்பாலும் கடையின் முகப்பையும் சுற்றுப்புறத்தையும் காணொளியாக எடுத்து அனுப்பச் சொல்கிறார்கள். தெருப் பெயரே இல்லாத இடத்துக்கு இன்னொரு வழியும் உண்டு. பூமி முழுவதையும் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் சில எழுத்தும் எண்ணும் கொண்ட குறியீடு கொடுத்திருக்கிறார்கள். 'பிளஸ் கோட்' என்று பெயர். 2015 முதல் கூகிள் வரைபடத்தில் அது உள்ளது. வரைபடத்தில் நம் கடை இருக்கும் இடத்தை விரலால் அழுத்தினால் அந்தக் குறியீடு தெரியும். அதுவே முகவரி. பிரசவ வலி கண்ட பெண்ணுக்கு வண்டி வரவழைக்கவும் அது உதவும் என்பதை இடையே சொல்லி வைக்கிறோம்.

பெயர் வைப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஊரில் எல்லாரும் 'ஆயா கடை' என்கிறார்கள் என்பதற்காக வெறும் 'ஆயா கடை' என்று பதிந்தால், ஆயாவைத் தெரிந்தவர்களுக்கு மட்டுமே அது பயன்படும். வெளியூர்க்காரர் ஆயாவைத் தேடமாட்டார். அவர் 'தோசை' என்றும் 'காலைப் பசியாறல்' என்றும் 'ரிங்லெட்' என்றும் தேடுவார். மலாய்க்காரர் 'சராப்பான்' என்று தேடுவார். ஆகவே இது தோசைக் கடை, காலை ஏழு மணிக்குப் பசியாறக் கிடைக்கும், ரிங்லெட் கடைத்தெருவிலிருந்து இத்தனை தூரம், சைவமா அசைவமா, கார் நிறுத்த இடமுண்டா என்பதை மலாயிலும் ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதி வைக்க வேண்டும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்கு இது ஒரு மாலை நேர வேலை. சீன நாட்டிலிருந்து வருவோர் கூகிளைப் பயன்படுத்துவதில்லை. அவர்களுக்கு 'பைடு' போன்ற தனித் தேடுபொறிகள் உண்டு. 2023 டிசம்பர் முதல் அவர்களுக்கு விசா இல்லாமல் வர நம் அரசாங்கம் வழி செய்திருப்பதால், சீன நண்பர் ஒருவர் பக்கத்துக் கடையில் இருந்தால் அவரைக் கேட்டு இரண்டு வரி எழுதி வாங்குவதில் நட்டமில்லை.

திறக்கும் நேரத்தை மட்டும் சரியாகப் போடுங்கள். நாங்கள் ஒருமுறை கைப்பேசியில் 'திறந்திருக்கிறது' என்று பார்த்துவிட்டு, மழையில் நனைந்து ஒரு கடைக்குப் போனோம். பூட்டுத் தொங்கியது. கடைக்காரர் ஊர்த் திருவிழாவுக்குப் போயிருந்தார். அவர் போனது தவறன்று. கைப்பேசியில் ஒரு சொல் மாற்றியிருந்தால் நாங்களும் நனைந்திருக்கமாட்டோம். கோபத்தில் எங்களில் ஒருவர் ஒரே ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டார். அந்த நட்சத்திரம் இன்னும் அங்கே இருக்கிறது என்பதை நினைத்தால் இப்போது வருத்தமாகவே இருக்கிறது.

வாடிக்கையாளர் எழுதும் கருத்து என்பது அப்படிப்பட்டது. சொன்ன சொல் காற்றில் போகும், எழுதியது நிற்கும். நல்லபடி எழுதச் சொல்லி வந்தவரிடம் பணிவாகக் கேட்கலாம். மாமன் மச்சானையெல்லாம் கூப்பிட்டு ஆளுக்கு ஐந்து நட்சத்திரம் போடச் சொல்வது விதிக்குப் புறம்பானது. கண்டுபிடித்தால் நீக்கிவிடுவார்கள், கடையின் பதிவையே முடக்கினாலும் முடக்குவார்கள். யாராவது குறை எழுதினால் சண்டைக்குப் போகாமல், நடந்ததைச் சொல்லி இரண்டு வரியில் பதில் எழுதுவது நல்லது. அந்தப் பதிலைப் படிக்கப் போகிறவர் குறை சொன்னவர் அல்லர், அடுத்து வரப் போகிறவர்.

இனிப் பணக் கணக்குக்கு வருவோம். தேடும்போது முதலில் வருபவை எல்லாம் தகுதியால் வருபவை அல்ல. விளம்பரம் என்ற சிறு எழுத்து மேலே இருந்தால் அது காசு கொடுத்து வாங்கிய இடம். 2000-ஆம் ஆண்டு முதல் கூகிள் இப்படி விளம்பரம் விற்கிறது. தொட்டவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று விளம்பரம் செய்தவர் கட்ட வேண்டும். பெரிய விடுதிகள் கட்டும். தோசைக் கடையால் முடியாது. அடுத்தது அறை பதிவு செய்யும் தளங்கள். 'புக்கிங்', 'அகோடா', 'ஏர்பிஎன்பி' என்ற பெயர்களைக் கேட்டிருப்பீர்கள். அவை கடல் கடந்த பயணியையும் கொண்டு வந்து சேர்க்கும் என்பது உண்மை. பதிலுக்குத் தரகு எடுத்துக்கொள்ளும். விடுதிக்காரரிடம் நூறு வெள்ளிக்குப் பதினைந்து வெள்ளி என்ற அளவில் தரகு பிடிப்பது சாதாரணம். நூறு வெள்ளி அறைக்கு மீதி எண்பத்தைந்தில்தான் துணி வெளுப்பவருக்கும் அறை கூட்டுகிற நம் பெண்ணுக்கும் கூலி. ஆகவே முதல் முறை தளத்தின் வழியாக வந்தவர் அடுத்த முறை நேரே தொலைபேசியில் கூப்பிடும்படி நடந்துகொள்வதே சிறு விடுதிக்காரருக்கு லாபம்.

இவை எல்லாவற்றிலும் எங்களுக்கு மிகவும் கவலை தருவது வேறொன்று. தேடுபொறி கூட்டம் உள்ள இடத்துக்கே மேலும் கூட்டத்தை அனுப்புகிறது. பலர் போன இடத்தைப் பற்றிப் பலர் எழுதுகிறார்கள். பலர் எழுதியதால் அது முதலில் வருகிறது. முதலில் வந்ததால் இன்னும் பலர் போகிறார்கள். விடுமுறை நாளில் பிரிஞ்சாங்கிலும் கியா பார்மிலும் கார்கள் ஆமையாய் நகர்வதைப் பார்த்தவருக்கு இது புரியும். சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் பாதை மிகக் குறுகியது. எதிரே ஒரு வண்டி வந்தால் ஒதுங்க இடம் தேட வேண்டும். படம் எடுக்க வருகிறவர்கள் நூறு பேர், கொழுந்து ஏற்றிய லாரி ஒன்று, இரண்டும் ஒரே பாதையில். அதே நேரத்தில் ரிங்லெட்டில் ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஈப்போப் பக்கம் சிம்பாங் பூலாயிலிருந்து 2000-களின் தொடக்கத்தில் புதுப்பாதை வந்ததும், வடக்கேயிருந்து வருகிறவர்கள் கம்போங் ராஜா வழியாக ஏறி அந்த வழியே இறங்கிவிடுகிறார்கள். ரிங்லெட் அவர்கள் கண்ணிலேயே படுவதில்லை.

இதற்கு ஒரு கடைக்காரர் தனியாக மருந்து தேட முடியாது. ஊர் சேர்ந்து செய்ய வேண்டியது இது. கோயில் நிர்வாகம், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கம், டாக்சிக்காரர்கள் ஒன்றாக உட்கார்ந்து தங்கள் ஊரைப் பற்றி ஒரு பக்கமாவது எழுதி வைக்கலாம். மலையிலே தமிழர் வாழ்ந்த கதை தமிழில் எத்தனை பக்கம் இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். 1967-ஆம் ஆண்டு ஈஸ்டர் ஞாயிறன்று உலாவப் போய்த் திரும்பாமலே மறைந்த அமெரிக்கப் பட்டு வியாபாரி ஜிம் தாம்சனைப் பற்றிப் பக்கம் பக்கமாக வரும். அறுபது எழுபது ஆண்டு கொழுந்து கிள்ளிய நம் பாட்டிமாரைப் பற்றி விரல் விட்டு எண்ணலாம். தமிழ் விக்கிப்பீடியா என்ற பொதுக் கலைக்களஞ்சியம் 2003 முதல் நடக்கிறது. சான்று காட்டி எழுதினால் யாரும் எழுதலாம். பிரிஞ்சாங் தண்டாயுதபாணி கோயிலுக்குப் பினாங்கிலிருந்து வர நினைக்கும் குடும்பம் தமிழில் தேடினால் அங்கே விவரம் இருக்க வேண்டாமா?

2022-இன் கடைசியிலிருந்து இன்னொரு புதுமையும் சேர்ந்திருக்கிறது. கேட்ட கேள்விக்குப் பக்கங்களைக் காட்டாமல், தானே வாக்கியம் அமைத்து விடை சொல்லும் கருவிகள் வந்துவிட்டன. 'மூன்று நாளுக்குக் கேமரன் மலையில் என்ன பார்க்கலாம்' என்றால் காலை மாலை என்று பிரித்துக் கொடுக்கும். யாரும் எழுதாத இடத்தை அதுவும் அறியாது. சில வேளை இல்லாத பாதையை இருப்பதாகவும் சொல்லும். அதை நம்பிக் காட்டு வழியில் இறங்குவது ஆபத்து. மலையில் மழையும் பனியும் சொல்லிக்கொண்டு வருவதில்லை. அந்த இடத்தில் ஊர்க்காரரை, அதிலும் காட்டை அறிந்த செமாய்ப் பழங்குடியினரைக் கேட்பதுதான் சரி.

மோசக்காரர்களும் இந்த வழியிலேதான் நுழைகிறார்கள். வேறு யாரோ வீட்டின் படத்தைப் போட்டு, மலைமேல் தங்கும் வீடு, பாதி விலை, முன்பணம் இன்றே அனுப்புக என்று விளம்பரம் வரும். குடும்பத்தோடு போய் இறங்கினால் அப்படியொரு வீடே இருக்காது. முன்பணம் அனுப்பும் முன் அந்த வீட்டுக்காரரைத் தொலைபேசியில் பேச வையுங்கள். வரைபடத்தில் அந்த இடத்தைப் பாருங்கள். சொந்தப் பெயரில் உள்ள ஏதோ ஒரு வங்கிக் கணக்குக்கு அவசரப்படுத்தினால் நிறுத்திக்கொள்ளுங்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்த மறுநிமிடமே 997 என்ற எண்ணைக் கூப்பிட வேண்டும். தேசிய மோசடி எதிர்ப்பு மையம் 2022 முதல் அதற்காகவே இயங்குகிறது. நாளைக்குப் பார்க்கலாம் என்றால் பணம் பத்துக் கை மாறியிருக்கும்.

முடிக்குமுன் ஒரு சந்தேகம். இதைக் கேட்டதும், "நம் லயத்தில் ஓர் அறை சும்மாதானே கிடக்கிறது, அதைப் படமெடுத்து இணையத்தில் போட்டு வாடகைக்கு விட்டால் என்ன?" என்று சிலருக்குத் தோன்றும். தோட்டத்து வீடு தோட்ட நிர்வாகத்துக்குச் சொந்தம்; வேலைக்காக நமக்குக் குடியிருக்கக் கொடுத்தது. அதை வாடகைக்கு விட்டால் வீடும் வேலையும் சேர்ந்தே போகக்கூடும். சொந்த வீடு என்றாலும் பயணிகளை வைக்கத் தொடங்கும் முன் மாவட்ட மன்ற அலுவலகத்தில் அனுமதி வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தோசைக் கடையோ டாக்சியோ வழிகாட்டும் வேலையோ என்றால், உரிமம் கையில் இருக்கட்டும். இந்த வார இறுதியில் பிள்ளை வீட்டுக்கு வரும்போது, கைப்பேசியை வாங்கி, நம் கடை இருக்கும் இடத்தை வரைபடத்தில் ஒருமுறை தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.